ஏழு நிறுத்தம், தலைக்கு நானூறு

கிருஷ்ணகிரி ரவுண்டானா, காலை ஆறே முக்கால்.
நாலு பேர் வருவதாகச் சொல்லி
இரண்டு பேர் வந்தார்கள்.
ஓசூர் கம்பெனியில் கியர்ப் பெட்டி வரைகிற முனிசந்திரன்,
அவன் கம்பெனிக்கு மூன்று மாதம் வந்திருக்கிற
போர்ச்சுக்கல்காரி இனேஸ்.

அவள் ஊர் போர்த்தோவில்
இப்படித் தின்றபடி நடக்கிறவர்களுக்கு
முன்னால் ஒருவர் மஞ்சள் குடை பிடித்துப் போவாராம்.
என்னிடமும் குடை இருந்தது,
மாங்கனிக் கண்காட்சியில் சும்மா கொடுத்தது.
ஒரு கம்பி மட்டும் வெளியே.

நான் பழக்கூழ் ஆலையில் ருசி பார்த்தவள்.
சீசனுக்கு எழுபது நாள்,
நாளைக்கு இருநூறு ஸ்பூன்,
விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்.
போன வருடத்துக் கூழே இன்னும்
பீப்பாயில் தூங்குகிறது என்று
இந்த வருடம் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.
நாக்கு மட்டும் வேலைக்குக் கிளம்பி
விடியலில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.
அதற்கு ஒரு வழி பண்ணத்தான் இந்த நடை.

முதலில் பழையபேட்டை.
ராகிக் களி, கொள்ளுச் சாறு.
மெல்லாதே, சறுக்க விடு என்றேன்.
மென்றாள்.
மென்றுகொண்டே இருந்தாள்.
நீந்தத் தெரியாத பிள்ளையைக்
குளத்தங்கரையில் நின்று பார்ப்பதுபோல்
நாகவேணியக்கா கரண்டியோடு பார்த்தாள்.

அடுத்தது அமானுல்லா கடை நிப்பட்டு.
ஒரு கடி. கண்ணில் நீர்.
"மிளகாய் எங்கள் கப்பலில் வந்தது,
இப்போது எங்களையே அடையாளம் தெரியாமல் கடிக்கிறது"
என்று அவள் சொன்னதை
முனிசந்திரன் தமிழில் சொன்னான்.
அமானுல்லா நம்பவில்லை.
"மிளகாய் ஊத்தங்கரைலருந்து வருது.
செவ்வாக்கிழமை. லாரில."

மூன்றாவது, லண்டன்பேட்டை மாங்காய் மண்டி.
பூட்டு.
வைக்கோலில் பழுத்த வாசம் மட்டும்
கதவுக்கடியில் வெளியே வந்து
எங்களுக்காகக் காத்திருந்தது.
போனில் கத்தினேன்:
"சாவி எங்கய்யா? சாவி!"

இனேஸ் திரும்பினாள்.
"ஷாவ்?" என்றாள்.
பையைத் துழாவித்
தன் வீட்டுச் சாவியை எடுத்து ஆட்டினாள்.

அப்புறம் முக்கால் மணி நேரம்
வழிகாட்டி அவள்தான்.
மண்டி ஜன்னலைத் தட்டி, ஜனேலா.
வாசலில் கிடந்த மேசை, மேசா.
எதிர் மெக்கானிக் கடையின் துரு அலமாரியையும் விடவில்லை.
என் ஆலைப் பீப்பாய்கூட
அவள் ஊரில் ஒயின் ஊறும் பீப்பாவாம்.
எனக்கு ரோஷம் வந்துவிட்டது.
வாங்கினவர்களாகவே எவ்வளவு நேரம் நிற்பது?
"மாங்காய்?" என்றேன்.
"மங்கா" என்றவள் ஒரு நொடி யோசித்து,
"அது உங்களுடையது,
எடுத்துப்போனோம், திருப்பித் தரவில்லை."

கோவிந்தோஜி வந்தார், சாவி வந்தது.
கீற்று கீற்றாய் வெயில்,
கிளிமூக்கு, செந்தூரா, பங்கனப்பள்ளி,
ஓரமாய் ஒரு கூடை அல்போன்சா.
பெயரைக் கேட்டதும்
அவள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
அவள் சித்தப்பா பெயர் அஃபோன்சோ.
தெருவெல்லாம் கடன் வைத்துவிட்டு
பிரேசிலுக்கு ஓடிப்போனவர்.
பழத்தை முகர்ந்து பார்த்து
"இவர் பரவாயில்லை" என்றாள்.

நானும் ஒரு துண்டு வாயில் போட்டேன்.
பிரிக்ஸ் பதினெட்டு என்றது நாக்கு.
துப்ப இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தேன்.
கோவிந்தோஜி,
"ஏம்மா, பழம் நல்லா இல்லையா?"
விழுங்கினேன்.

மற்ற நிறுத்தங்களுக்கு வெயில் விடவில்லை.
அணை மீன் வறுவலும் போயிற்று.
ஆளுக்கு இருநூறு திருப்பிக் கொடுத்தேன்.
முனிசந்திரன் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் அமானுல்லா போன் பண்ணினார்.
"அந்தம்மா சொன்ன கப்பலுக்கு முந்தி
நிப்பட்டுல காரத்துக்கு என்ன போட்டாங்க?"
மிளகாக இருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில்
எண்ணெய் காயும் சத்தம்.

"நல்லா இருந்திருக்காது."